கணக்குக் கேட்பது கெட்ட எண்ணமா? பக்தாதின் செங்கற்கள் சொல்லும் பாடம்



நாம் நன்கறிந்த ஒரு மஹல்லாவில் சில ஆண்டுகளுக்கு முன்னர் பள்ளிவாசலுக்குப் புதிய ஹவ்ளு ஒன்று கட்டப்பட்டது. ஊர் மக்களின் சந்தாவும், வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பிய தொகையும் அதில் சேர்ந்திருந்தன. வேலை நடந்துகொண்டிருந்தபோது ஜமாஅத் கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்தார். "எத்தனை மூட்டை சிமெண்டு இறங்கியது, எத்தனை மூட்டை செலவானது என்று யாராவது எழுதி வைக்கிறோமா?" என்று கேட்டார். பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தனர். "அல்லாஹ்வுடைய வீட்டு வேலையிலேயே சந்தேகமா தம்பி? நல்லெண்ணம் வையுங்கள்" என்று ஒருவர் சொன்னார். இளைஞர் அமர்ந்துவிட்டார்.

இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் ஹவ்ளின் அடித்தளத்தில் வெடிப்பு விழுந்தது. இஷாவுக்குப் பின் நிரப்பிய தண்ணீர் சுபுஹுக்குள் பாதியாகக் குறைந்தது. யாரும் பணத்தைத் திருடவில்லை என்றே நாம் இன்றுவரை நம்புகிறோம். ஆனால் யாரும் எண்ணவில்லை, யாரும் அளக்கவில்லை, அறிந்தவர் ஒருவரை அழைத்து வந்து காட்டவும் இல்லை. அந்த இளைஞர் அதன் பின்னர் ஜமாஅத் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். ஹவ்ளின் வெடிப்பை மீண்டும் பணம் திரட்டிப் பூசிவிட்டார்கள். இளைஞரின் மனத்தில் விழுந்த வெடிப்பை யாரும் பூசவில்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது. பொதுப் பணத்தில் நடக்கும் வேலைக்குக் கணக்குக் கேட்பது கெட்ட எண்ணமா? தன் சகோதரன் மீது வீணாகத் தீய எண்ணம் கொள்வதை மார்க்கம் தடுத்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் எண்ணிப் பார்ப்பதும் அளந்து பார்ப்பதும் அந்தத் தடையின் கீழ் வருமா? நம் வரலாற்றில் இதற்கு என்ன விடை இருக்கிறது?

குவியலுக்குள் நுழைந்த கரம்

முதலில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்தே தொடங்குவோம். அவர்கள் ஒருமுறை உணவு தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றார்கள். மேற்பரப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆயினும் தம் திருக்கரத்தை அந்தக் குவியலுக்குள் விட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். அப்படியாயின் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ள இந்த ஹதீஸை நாம் பெரும்பாலும் வியாபாரிக்கான பாடமாக மட்டுமே ஓதுகிறோம். சோதிப்பவருக்கும் இதில் பாடம் உண்டு. மனிதர் மீது நல்லெண்ணம் கொள்வதில் உலகுக்கே முன்மாதிரியான அவர்கள், மேற்பரப்பைப் பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவரின் நிகழ்ச்சியும் நாம் அறிந்ததே. திரும்பி வந்தவர், இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்துக் காட்டினார். அவர் தம் தாய் தந்தையின் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று வினவினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது இடம்பெற்றிருக்கிறது. அந்தத் தோழரைத் தனியே அழைத்துக் கடிந்துகொண்டு விட்டுவிடவில்லை. ஊரே கேட்கும்படி ஒரு பொது விதியாகவே அதை அறிவித்தார்கள்.

ஆக, எண்ணுவதும் சோதிப்பதும் சுன்னத்திற்கு அந்நியமானவை அல்ல. பெரும் பொதுப்பணிகள் என்று வந்தபோது முன்னோர் இதை எப்படிச் செயல்படுத்தினர் என்பதைப் பார்க்க, ஈராக்கின் டைகிரிஸ் நதிக்கரைக்குச் செல்வோம்.

ஒரு நகரம் எழுந்த விதம்

அப்பாசியக் கலீஃபா மன்சூர், ஹிஜ்ரி 145-இல், அதாவது கி.பி. 762-இல் பக்தாத் நகரைக் கட்டத் தொடங்கினார். வட்ட வடிவம், நான்கு வாயில்கள், நடுவில் அரண்மனையும் ஜும்ஆப் பள்ளியும் என்பது திட்டம். கூஃபா, பஸ்ரா, குராசான், ஷாம் ஆகியவை அந்த வாயில்களின் பெயர்கள். இடையில் கிளர்ச்சிகளால் வேலை தடைபட்டது. மதில்கள் முழுமையடைய ஹிஜ்ரி 149 ஆயிற்று.

மன்சூர் சிக்கனத்திற்குப் பேர்போனவர். தானிக் என்பது ஒரு திர்ஹத்தில் ஆறில் ஒரு பங்கு மதிப்புள்ள சிறு நாணயம். அந்தச் சில்லறைக்கும் கணக்குக் கேட்பவர் என்பதால் மக்கள் அவரை 'அபுத் தவானீக்', அதாவது தானிக்குகளின் தந்தை என்று கேலியாக அழைத்தனர். அந்தக் கேலியை ஒதுக்கிவிட்டு, அவர் செய்தவற்றை வரலாற்றாசிரியர் தபரி எழுதியிருப்பதிலிருந்து வரிசையாகக் கவனிப்போம்.

முதலாவது, செலவிடும் முன் விசாரித்தார். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அங்கே வெயில் எப்படி, மழையும் சேறும் எப்படி, பூச்சியும் கொசுவும் எப்படி என்று அங்கே வாழ்ந்தவர்களிடமே கேட்டார். அருகருகே இருந்த சிற்றூர்களில் தம் ஆட்களை இரவு தங்கச் செய்து, அவர்கள் கண்டதைக் கேட்டறிந்தார். அவ்விடத்துப் பெரியவர் ஒருவர், இரு நதிகளின் வழியாக எத்திசையிலிருந்தும் உணவும் சரக்கும் வந்து சேரும், பகைவருக்கோ நதிகளே தடையாக நிற்கும் என்று விளக்கியதைப் பொறுமையாகச் செவிமடுத்தார். அதன் பிறகே நகரின் வடிவத்தைத் தரையில் சாம்பலால் கோடிழுத்துக் காட்டச் செய்தார்.

இரண்டாவது, பொருளை எண்ணச் செய்தார். இங்கேதான் நாம் பெரிதும் மதிக்கும் ஒருவர் வருகிறார். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களை நீதிபதிப் பதவியில் அமர்த்த மன்சூர் விரும்பினார், இமாமவர்கள் மறுத்தார்கள். எப்படியாவது ஒரு பொறுப்பை ஏற்கச் செய்வேன் என்று கலீஃபா சத்தியம் செய்ததால், நகர் கட்டும் வேலையில் செங்கல் அறுப்பதையும் எண்ணிப் பெறுவதையும் மேற்பார்க்கும் பணி இமாமவர்களிடம் வந்தது என்று தபரி ஓர் அறிவிப்பைப் பதிவு செய்திருக்கிறார். ஒவ்வொரு கல்லாக எண்ணிக்கொண்டிருக்க முடியாது என்பதால், அடுக்கி வைத்த செங்கற்களை ஒரு நாணற்கோலால் அளந்து எண்ணிக்கையைக் கணக்கிட்டார்களாம். செங்கல்லைக் கோலால் அளந்து எண்ணிய முதல் மனிதர் அவர்களே என்றும் அந்த அறிவிப்பு கூறுகிறது.

நாம் பின்பற்றும் மத்ஹபுகளில் ஒன்றின் இமாம், கையில் நாணற்கோலுடன் செங்கல் அடுக்கின் முன் நிற்கும் காட்சியைச் சற்று நினைத்துப் பாருங்கள். செங்கல் அறுப்பவர்களைத் திருடர்கள் என்று நினைத்தா அளந்தார்கள்? பொதுப் பணம் கைமாறும் இடத்தில் எண்ணிக்கை இருக்க வேண்டும் என்பதற்காகவே அளந்தார்கள். அளவு தெளிவாக இருக்கும்போது, கல் அறுத்தவருக்குக் கூலி குறையாது. வாங்கியவருக்குக் கல் குறையாது. இருவருக்கும் இடையே கசப்பும் வராது.

மூன்றாவது, ஒரு வேலைக்கு நியாயமாக எவ்வளவு ஆகும் என்பதைத் தாமே அறிந்துகொண்டார். செலவுக் கணக்கை மட்டும் பார்த்தால் அது சரியா தவறா என்று எப்படித் தெரியும்? மன்சூர் தேர்ந்த கொத்தனார் ஒருவரை வரவழைத்து, தம் கண்ணெதிரே மாதிரிக்கு ஒரு வளைவு கட்டச் செய்தார். அதற்குச் செலவான கல்லையும் கூலியையும் கணக்கிட்டார். அதையே அளவுகோலாக வைத்து, அனுபவமுள்ள கொத்தனார்களையும் பொறியாளர்களையும் உடன் இருத்தி, வேலைக்குப் பொறுப்பாக இருந்த முசய்யப் என்பவரின் கணக்கைச் சரிபார்த்தார். ஆறாயிரம் திர்ஹத்துக்கும் மேல் கூடுதலாக எழுதப்பட்டிருந்தது தெரியவந்தது. அத்தொகை திரும்பப் பெறப்பட்டது.

நான்காவது, வேலை முடிந்த பின்னும் கணக்கை முடித்தார். நகரின் கால் பகுதிக்குச் செலவுப் பொறுப்பேற்றிருந்த அதிகாரி ஒருவர், வேலை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்தார். கலீஃபா தாமே கூட்டிப் பார்த்தார். 15 திர்ஹம் குறைந்தது. அதைச் செலுத்தும்வரை அந்த அதிகாரி சிறையில் இருக்க நேர்ந்தது.

நகருக்கும் பள்ளிக்கும் அரண்மனைக்கும் கடைவீதிகளுக்குமான மொத்தச் செலவு, கருவூல ஏடுகளின்படி 40 இலட்சத்து 800-க்குச் சற்று மேற்பட்ட திர்ஹம் என்று ஓர் அறிவிப்பு கூறுகிறது. இதைவிடப் பன்மடங்கு கூடுதலாகச் சொல்லும் அறிவிப்புகளும் உண்டு. எது சரியாயினும், ஒரு நகரின் செலவைக் கடைசிச் சில நூறு திர்ஹம் வரை எழுதி வைக்கும் பழக்கம் அன்றைய அலுவலகங்களில் இருந்தது என்பதை அந்தத் தொகையே காட்டுகிறது.

பாதியில் நிறுத்தத் தெரிந்தவர்

இதே கட்டுமானத்தின்போது நடந்த இன்னொரு நிகழ்ச்சி நம் சிந்தனைக்குரியது. பக்தாதுக்குத் தெற்கே மதாயினில் பழைய பாரசீக மன்னர்களின் மாளிகைகள் நின்றன. அங்கிருந்த வெண்மாளிகையை இடித்துக் கல்லைக் கொண்டுவந்தால் செலவு மிச்சமாகும் என்று மன்சூர் எண்ணினார். அமைச்சர் காலித் இப்னு பர்மக் வேண்டாம் என்றார். அது இஸ்லாம் பெற்ற வெற்றிக்குச் சான்றாக நிற்கிறது, அலீ (ரலி) அவர்கள் தொழுத இடமும் அங்கே இருக்கிறது என்று காரணம் கூறினார். பாரசீக வம்சத்தவர் என்பதால் உமக்கு அதன் மீது பாசம் என்று கலீஃபா குத்திக்காட்டினார். இடிப்பு வேலை தொடங்கியது.

சில நாட்களில் கணக்கு வந்தது. இடித்துச் சுமந்து வரும் கூலி, புதிய செங்கல் அறுக்கும் செலவைவிடக் கூடுதலாக இருந்தது. இப்போது காலித் தம் யோசனையை மாற்றிக்கொண்டார். தொடங்கிவிட்டீர்கள், இனி முழுவதையும் இடித்துவிடுங்கள், இல்லையெனில் பிறர் கட்டியதை இடிக்கக்கூட இயலாதவர் என்று உலகம் சொல்லும் என்றார். மன்சூர் கேட்கவில்லை. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

இதுவரை போட்ட பணம் வீணாகுமே, ஊர் என்ன சொல்லும் என்ற இரண்டு அச்சங்கள்தாம் எத்தனையோ வேலைகளில் மேலும் பணத்தைக் கொட்ட வைக்கின்றன. அறிவுரை கேளாமல் தொடங்கியது மன்சூரின் பிழை. கணக்கைக் கண்டதும் மானம் பார்க்காமல் நிறுத்தியது அவருடைய விவேகம்.

எண்ணிக்கை மட்டும் போதுமா?

ஆனால் மன்சூரை முழு முன்மாதிரியாகக் கொள்ளவும் நம்மால் இயலவில்லை. செங்கல்லை எண்ணித் தந்த அதே இமாமவர்கள், பதவியை ஏற்க மறுத்ததற்காக அவருடைய சிறையில் துன்புற்று, ஹிஜ்ரி 150-இல் அங்கேயே காலமானார்கள் என்றே பல அறிவிப்புகள் கூறுகின்றன. 15 திர்ஹத்திற்குக் கணக்குக் கேட்டவர், ஓர் அறிஞரின் உயிருக்கு என்ன கணக்குச் சொல்வார்? காசில் கண்டிப்பு இருந்தால் மட்டும் நீதி வந்துவிடாது. அந்தக் கண்டிப்பு எதற்காக, யாருடைய நன்மைக்காக என்ற கேள்வியும் உடன் இருக்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு விடை எழுதியவர் இமாமவர்களின் மாணவரே. இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள், மன்சூரின் பேரர் கலீஃபா ஹாரூன் ரஷீதின் தலைமை நீதிபதியாக இருந்து ஹிஜ்ரி 182-இல், அதாவது கி.பி. 798-இல் மறைந்தார்கள். கலீஃபாவின் வேண்டுகோளுக்கிணங்க அவர்கள் எழுதிய 'கிதாபுல் கராஜ்' என்னும் நூலில் கால்வாய்களையும் கரைகளையும் பற்றிய பகுதி ஒன்று உண்டு. இன்றைய பொதுப்பணித்துறைக்கும் ஏற்ற அறிவுரை அது. அதன் கருத்தை நம் சொற்களில் தருகிறோம்.

ஒரு பகுதி மக்கள் வந்து, எங்கள் ஊரில் தூர்ந்துபோன பழைய கால்வாய்கள் இருக்கின்றன, அவற்றை வெட்டித் தந்தால் தரிசு நிலங்கள் விளையும், வரியும் பெருகும் என்று சொன்னால் என்ன செய்ய வேண்டும்? உடனே பணம் ஒதுக்கிவிடக் கூடாது. உடனே மறுத்துவிடவும் கூடாது. மார்க்கப் பற்றும் நாணயமும் உள்ள ஒருவரை நேரில் பார்க்க அனுப்ப வேண்டும். அவர் அவ்வூரில் விஷயம் அறிந்தவர்களிடமும் நம்பகமானவர்களிடமும் கேட்க வேண்டும். அத்துடன் வெளியூரைச் சேர்ந்த அறிஞர்களிடமும் கலந்தாலோசிக்க வேண்டும்; அவர்கள் இந்த வேலையால் தமக்கு இலாபம் தேடிக்கொள்ளாதவர்களாகவும், தமக்கு வரும் நட்டத்தைத் தள்ளிவிட முயலாதவர்களாகவும் இருக்க வேண்டும். எல்லோரும் நன்மை உண்டு என்று ஒத்துக்கொண்டால், செலவை பைத்துல் மாலிலிருந்து செய்ய வேண்டும். அவ்வூர் மக்கள் தலையில் சுமத்தக் கூடாது. ஒரு பகுதிக்கு நன்மை தரும் வேலை இன்னொரு பகுதி மக்களுக்குத் தீங்காகவும் முடியக் கூடாது.

வேலையை யாரிடம் கொடுப்பது என்பதிலும் இமாமவர்கள் கண்டிப்பானவர்கள். நதிக்கரைகளைக் காக்கும் பணியை அல்லாஹ்வுக்கு அஞ்சுபவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்கிறார்கள். பொருத்தமற்றவர் இரண்டு விதமாகக் கெடுப்பார் என்றும் காட்டுகிறார்கள். ஒன்று, தனக்கும் தன்னைச் சேர்ந்தவர்களுக்கும் பணத்தை எடுத்துக்கொள்வார். மற்றது, ஆபத்தான இடங்களைப் பழுது பாராமல் விட்டுவிடுவார். கரை உடைந்து பயிரும் வீடும் மூழ்கும். பணத்தை எடுப்பதையும் வேலையைச் செய்யாமல் விடுவதையும் இமாமவர்கள் ஒரே இடத்தில் வைத்துப் பேசியிருப்பதைக் கவனியுங்கள். நம் மஹல்லாவின் ஹவ்ளில் நடந்தது இரண்டாவது வகை.

இறுதியாக, வேலையைப் பார்வையிட இன்னொருவரை அனுப்பி, எது செய்யப்பட்டது, எது விடப்பட்டது, உடைந்த கரை ஏன் உடைந்தது என்றெல்லாம் விசாரித்து, அதற்கேற்பப் பாராட்டோ கண்டிப்போ வழங்க வேண்டும் என்கிறார்கள். நேர்மையாளருக்கு இந்த விசாரணை அவமானம் ஆகாது. பாராட்டும் இதன் வழியாகத்தானே வருகிறது!

தண்ணீர் ஓடாத கால்வாய்

இந்த அறிவுரை மறக்கப்பட்டபோது என்ன நேர்ந்தது என்பதற்கும் அதே ஈராக்கில் சான்று உண்டு. தலைநகர் சாமர்ராவுக்கு மாறியிருந்த காலத்தில், கலீஃபா முதவக்கில் ஹிஜ்ரி 245-இல், அதாவது கி.பி. 859-இல் அதற்கு வடக்கே ஜஅஃபரிய்யா என்ற புதிய நகரைக் கட்டத் தொடங்கினார். அதற்கு 20 இலட்சம் தீனாருக்கும் மேல் செலவானதாகச் சொல்லப்படுகிறது என்று தபரி எழுதுகிறார். நகருக்குத் தண்ணீர் கொண்டுவர ஒரு கால்வாய் திட்டமிடப்பட்டது. அதற்கு 2 இலட்சம் தீனார் மதிப்பிடப்பட்டு 12,000 பேர் வேலையில் இறக்கப்பட்டனர். செலவுக்குப் பொறுப்பானவர் மேலும் மேலும் பணம் கேட்டுப் பெற்றார். அதில் பெரும்பகுதி எழுத்தர்களுக்கே பங்கிடப்பட்டது என்பது தபரி தரும் செய்தி.

மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ இக்கால்வாயின் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறார். பொறுப்பு பனூ மூசா சகோதரர்களிடம் இருந்தது. கணிதத்திலும் இயந்திரக் கலையிலும் பெயர் பெற்றவர்கள் அவர்கள். ஆனால் தங்களுக்குப் போட்டியாக இருந்த ஸனத் இப்னு அலீ என்ற திறமையான பொறியாளரைக் கலீஃபாவின் அருகே வரவிடாமல் பக்தாதுக்கு அனுப்பியிருந்தார்கள். வேலையை வானியல் அறிஞர் ஃபர்கானியிடம் ஒப்படைத்தார்கள். எகிப்தில் நைல் நதியின் நீர்மட்டம் அளக்கும் புதிய அளவுகோலை அமைத்தவர் என்று அதே நூல் குறிப்பிடும் ஃபர்கானி, இங்கே தவறிவிட்டார். கால்வாயின் தொடக்கப் பகுதி மற்றப் பகுதியைவிட ஆழமாக வெட்டப்பட்டுவிட்டது. நதியில் வெள்ளம் குறைந்தால் தண்ணீர் முன்னே ஓடாது.

செய்தி கலீஃபாவின் காதுக்கு எட்டியது. ஸனத் வரவழைக்கப்பட்டார். பிழை உறுதியானால் சகோதரர்களுக்குக் கழுமரம் என்பது நிலை. நதி பெருகியிருக்கும் நான்கு மாதங்களுக்குக் குறை வெளியே தெரியாது என்பதை அறிந்த ஸனத், அவர்களின் உயிரைக் காக்கக் குறையில்லை என்றே சொல்லிவிட்டார். வெள்ளம் வடியும் முன்னரே, ஹிஜ்ரி 247-இல் முதவக்கில் கொல்லப்பட்டார். கால்வாய் கைவிடப்பட்டது. நகரும் காலியாயிற்று, மக்கள் கட்டடப் பொருட்களைப் பெயர்த்துக்கொண்டு சாமர்ராவுக்குத் திரும்பினர்.

இங்கே அறிவுக்குப் பஞ்சமில்லை. அக்காலத்தின் தலைசிறந்த மூளைகளே அங்கே இருந்தன. பணத்துக்கும் பஞ்சமில்லை. இல்லாதது என்ன? குறையைத் தொடக்கத்திலேயே அச்சமின்றிச் சொல்லும் வேறொருவர் இல்லை. இருந்த ஒருவரும் தொலைவில் ஒதுக்கப்பட்டிருந்தார். கேள்வி கேட்கக்கூடியவரை வெளியே நிறுத்திவிட்டுக் கட்டும் எதுவும், வெள்ளம் உள்ளவரைதான் நன்றாகத் தெரியும்.

சுபைதா அம்மையாரின் ஏடுகள்

இங்கே சிலர் ஒரு மறுப்பை முன்வைக்கக் கூடும். மன்சூரின் பேத்தியும் ஹாரூன் ரஷீதின் துணைவியுமான சுபைதா அம்மையார், மக்காவில் ஹாஜிகள் தண்ணீருக்குப் படும் துயரைக் கண்டு, மலைகளைக் குடைந்து நீரூற்றுக் கால்வாய் அமைத்தார். மண்வெட்டியின் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தீனார் ஆனாலும் வேலை நடக்கட்டும் என்று அவர் ஆணையிட்டதாக அறிவிப்புகள் உண்டு. வேலை முடிந்து கணக்கு ஏடுகளைக் கொண்டுவந்தபோது, அவற்றை நதியில் எறியச் செய்து, இதன் கணக்கைக் கணக்கு நாளுக்கே விட்டுவிட்டோம் என்று கூறியதாகவும் சொல்லப்படுகிறது. மிம்பர்களில் நாம் பலமுறை கேட்ட நிகழ்ச்சி இது. அந்த அம்மையார் கணக்கைக் கேட்காமல் விட்டாரே, நாம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

இரண்டு விஷயங்களைப் பிரித்தறிய வேண்டும். அம்மையார் செலவிட்டது தம் சொந்தச் செல்வம். தன் பணத்தில் பிறர் மீதமுள்ளதை மன்னித்துவிடுவது அவரவர் உரிமை. அது ஒரு தர்மமும் ஆகும். ஆனால் பைத்துல் மாலும் வக்ஃபும் ஊர்ச் சந்தாவும் வரிப்பணமும் யாருடைய சொந்தமும் அல்ல. முத்தவல்லிக்கோ தலைவருக்கோ அதில் ஒரு ரூபாயைக்கூட மன்னிக்கும் உரிமை இல்லை. தனக்குச் சொந்தமில்லாததில் தாராளம் காட்டுவது கொடையாகாது. அது அமானிதத்தை வீணாக்குவதாகும்.

இன்னொன்று, அம்மையாரின் வேலையிலிருந்து வேறொரு பாடமும் கிடைக்கிறது. மலிவாக முடிப்பதும் பணத்துக்குரிய பயனைப் பெறுவதும் ஒன்றல்ல. 'ஐன் சுபைதா' பெரும் செலவில் அமைந்தது. ஆனால் அடுத்தடுத்த ஆட்சியாளர்கள் செப்பனிட்டுக் காத்ததால் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக, சென்ற நூற்றாண்டு வரை, மக்காவின் தாகம் தீர்த்தது. ஜஅஃபரிய்யாவின் கால்வாய் ஓராண்டும் முழுமையாகப் பயன் தரவில்லை. எத்தனை தலைமுறையின் தாகம் தீர்ந்தது என்று வகுத்துப் பார்த்தால் எது வீண்செலவு, எது சிக்கனம் என்பது விளங்கும். மிகக் குறைந்த தொகை கேட்ட ஒப்பந்ததாரரிடம் கொடுத்துவிட்டோம் என்று மகிழும்போது இதை நினைவிற்கொள்வது நல்லது.

நம் தெருவும் நம் ஜமாஅத்தும்

ஃபுராத் நதிக்கரையில் ஓர் ஆட்டுக்குட்டி கேட்பாரற்று இறந்தாலும் அல்லாஹ் என்னிடம் கேட்பான் என்று உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதாக ஓர் அறிவிப்பு உண்டு. நம் தெருவில் போட்ட ஆறு மாதத்தில் பெயர்ந்த சாலையில் ஒரு முதியவர் விழுந்தால், அதற்கான கேள்வி பொறியாளரிடமும் ஒப்பந்ததாரரிடமும் மட்டும் நின்றுவிடுமா? கண்டும் காணாமல் கடந்த நம்மிடமும் வரும் என்பதே நம் அச்சம்.

கேட்பதற்கு வழிகளும் இருக்கின்றன. ஊராட்சிகளில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே சென்று, இந்தக் கழிவுநீர்க் கால்வாய்க்கு மதிப்பீடு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பண்போடு கேட்கலாம். விடை கிடைக்காவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். அது நமக்கும் நம் அண்டை வீட்டாரான பிற சமயத்தவருக்கும் பொதுவான சாலை. கேட்பதும் அனைவருக்குமான நன்மை.

ஆனால் அரசிடம் கேட்கும் முன் நம் வீட்டை ஒழுங்குபடுத்துவது முறை. பள்ளிவாசலோ மதரஸாவோ கட்டும்போது, முதலில் இந்த வேலை தேவைதானா என்று அதில் இலாபம் இல்லாத ஒருவரிடம் கேட்போம். நியாயமான செலவு எவ்வளவு என்பதை, ஒப்பந்தம் எடுக்காத வேறொரு பொறியாளரிடம் மதிப்பிட்டு வாங்குவோம். இறங்கும் கம்பியையும் சிமெண்டையும் எழுதி வைக்கும் பொறுப்பை இரண்டு இளைஞர்களிடம் கொடுப்போம். வரவு செலவை ஜும்ஆவுக்குப் பின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். வேலை முடிந்து ஓராண்டு கழித்து மீண்டும் ஒருமுறை பார்வையிடுவோம். திட்டம் தவறு என்று பாதியில் தெரிந்தால், ஊர் என்ன சொல்லும் என்று பாராமல் நிறுத்துவோம்.

கேட்பவருக்கும் ஒழுக்கம் உண்டு. ஆதாரமின்றி ஒருவரைத் திருடர் என்று தெருவில் பேசுவது மார்க்கம் தடுத்த தீய எண்ணமும் புறமும் ஆகும். சபையில் எழுந்து கணக்கைக் கேட்பது அத்தகையது அன்று. உண்மையில், கணக்கு வெளிப்படையாக இருக்கும் ஊரில் அவதூறுக்கு இடமே இருப்பதில்லை. பொறுப்பாளர்களின் மானத்தைக் காக்கும் கேடயமும் அந்தக் கணக்கு ஏடுதான்.

மஹல்லாவின் அந்த இளைஞரிடம் அன்று யாரேனும், "நல்ல கேள்வி தம்பி, நாளை முதல் நீங்களே எழுதுங்கள்" என்று சொல்லியிருந்தால் ஹவ்ளும் நின்றிருக்கும், அவரும் நம்மோடு நின்றிருப்பார். இனி எந்த ஜமாஅத்திலாவது ஓர் இளைஞர் எழுந்து கணக்குக் கேட்டால், இமாமவர்களின் கையிலிருந்த நாணற்கோலை நினைவுகூர்ந்து அவருக்கு இடம் கொடுப்போமாக.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களை எண்ணியும் அளந்தும் பேணி, மறுமையின் கேள்வி கணக்கை எளிதாக்கிக்கொள்ளும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.